புதியம்புத்தூரில் ஓடிய அமெரிக்கப் பேருந்து

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் பெண்களுக்கு மாலையில் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. அதன் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் கேட்டார்கள். அமெரிக்காவில் தையல் வேலை செய்த கறுப்பினப் பெண் ஒருத்தி, பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த கதையை எழுதிக் கொடுத்தேன்.

முன்பக்கம் வெள்ளையருக்கு, பின்பக்கம் கறுப்பருக்கு. வெள்ளையர் கூடினால் கறுப்பர் எழுந்து இடம் விட வேண்டும். அதுதான் அந்த ஊர்ச் சட்டம் என்று விளக்கினேன்.

“சட்டமேவா அப்படிச் சொல்லுச்சு?” என்றாள் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண். “இங்கன கூடாதுன்னு சட்டம் இருக்கு. எங்க ஊரு டீக்கடையில இன்னும் ரெண்டு கிளாஸுதான்.”

“அவிய எழுதிவச்சுச் செஞ்சிருக்காவ. இவியளுக்கு எழுதச் சோம்பேறித்தனம்” என்றாள் பக்கத்திலிருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே பேருந்தில் நடத்துநர் கிடையாது என்பதை மட்டும் யாரும் ஏற்கவில்லை. “அப்ப விசிலு யாரு ஊதுவா?” என்றார்கள். நடத்துநரைச் சேர்த்தேன். தையல் கம்பெனி சூப்பர்வைசர் அக்கா அந்த வேடத்தை எடுத்துக்கொண்டார்.

கதாநாயகி வேடத்தை ஆசையாகக் கேட்டு வாங்கியவள், அவருக்குக் கீழே காலர் தைப்பவள். ஒத்திகையில் அவர் “எந்திரி” என்றதும் எழுந்துவிடுவாள். ஒவ்வொரு முறையும்.

“ஏட்டி, நீ எந்திரிச்சிட்டா நாடகம் அங்கனயே முடிஞ்சிரும்லா?” என்பார் சூப்பர்வைசர்.

“உங்க சத்தம் கேட்டா காலு தானா எந்திரிச்சு நிக்குதுக்கா.”

“வேற ஆளப் போட்டுருவேன், பாத்துக்கோ.”

“வேண்டாங்க்கா. அன்னிக்கு எந்திரிக்க மாட்டேன்.”

விழாவில் கம்பெனி முதலாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் விசில் ஊதி “எந்திரி” என்றார். அவள் முழங்கால் அசைந்தது. பேருந்து இருக்கையாகப் போட்டிருந்த பெஞ்சை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“மாட்டேன்.”

கூட்டத்தில் பெண்கள் கைதட்டினார்கள். அடுத்து, போலீஸ் வந்து கைது செய்ய வேண்டும். காக்கிச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் நகரவில்லை.

“டிக்கெட் எடுத்திருக்கேன். எறங்க வேண்டிய எடத்துலதான் எறங்குவேன்.”

இந்த வசனம் நான் எழுதியதில்லை.

“ஏட்டி, இப்ப எந்திரிக்கணும்!” என்று சூப்பர்வைசர் கிசுகிசுத்தது மைக்கில் கேட்டது.

“இனிமே முடியாதுக்கா.”

கடைசியில் போலீஸ்காரர்களும் நடத்துநரும் அவளைப் பெஞ்சோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் ஒரு வருடத்துக்கு மேல் பேருந்தில் ஏறாமல் இருந்ததையும், நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று சொன்னதையும் நான் மைக்கில் வாசித்தேன். யாரும் கேட்கவில்லை. பாதிக் கூட்டம் பெஞ்சுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.