ஓடிக்கொலோன் மணக்கும் புரொசசர்

போன கிழமை ஒரு கலியாண வீட்டு வாசலில் பன்னீருக்குப் பதிலாக யாரோ ஓடிக்கொலோன் தெளித்தார்கள். மற்றவர்களுக்கு, அந்த வாசனைத் தண்ணீரை நெற்றியில் ஒற்றிய காய்ச்சல் நாட்கள் ஞாபகம் வந்திருக்கும். எனக்குப் புரொசசர் ஞாபகம் வந்து, தனியாக நின்று சிரித்துவிட்டேன்.

நான் முதன்முதலில் வேலை பார்த்தது ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இருந்த ஒரு கொம்பியூட்டர் கடையில். முதலாளி நிஸார் நானா. கொம்பியூட்டரின் மூளையான புரொசசரைக் கழற்றினால் முதுகில் காய்ந்த பசை ஒட்டியிருக்கும். துடைக்கிற ஸ்பிரிட் எங்களிடம் எப்போதும் முடிந்துபோயிருக்கும். ஆகவே நானா வீட்டு ஓடிக்கொலோன் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் திருத்திய பெட்டிகள் எல்லாம் குளித்து வெளிக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி மணக்கும்.

மாப்பிள்ளை என்றதும் யோகா அக்கா வருகிறார். குச்சவெளியில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுப்பவர். ஒரு புதன்கிழமை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"தங்கச்சி, மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் போறார். அதுக்குள்ள வீடியோ குடுக்க வேணும். இது ஆமை மாதிரி நகருது. புதுப் புரொசசர் போடேலுமோ?"

"ஓம் அக்கா, நூற்றுக்கு நூறு!" என்றேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். எனக்குத் தெரியாதது உலகத்தில் கொஞ்சம்தான் என்று நினைத்திருந்த காலம்.

கடையில் வேகமான புரொசசர் ஒன்று இருந்தது. எண்ணிக்கை ஒத்தால் பொருந்தும் என்று, பழையதையும் புதியதையும் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்து உலோகப் புள்ளிகளை எண்ணினேன். ஆம், எண்ணினேன்! நானூறு தாண்டும்போது நானா தேநீருக்குச் சொல்லப்போய், "பிளேன்டீ எத்தனை?" என்று கேட்டார். மறுபடியும் ஒன்றிலிருந்து. கடைசியில் இரண்டிலும் ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்று. நானாவே கைதட்டினார்.

புதியது, புரொசசரைத் தாங்கும் பலகையான பழைய மதர்போட்டில் அழகாக உட்கார்ந்தது. காற்றாடி சுற்றியது. திரை மட்டும் கறுப்பு. நானா கொழும்புக்குப் போன் போட்டுக் கேட்டார். புள்ளி ஒன்றுதான், ஆனால் அந்தப் பழைய மதர்போட்டுக்கு இந்தப் புதியதைத் தெரியாதாம். எண்ணிக்கைப் பொருத்தம் பார்த்த நான் மனப்பொருத்தம் பார்க்கவில்லை. புது மதர்போட் அங்கிருந்து எடுப்பித்தாலும் சனிக்கிழமைதான் வரும்.

யோகா அக்கா கதிரையில் இருந்தபடியே அழத் தொடங்கினார். "நான் வாக்குக் குடுத்திட்டன்." நானா சட்டைப்பை லேஞ்சியை ஓடிக்கொலோனில் நனைத்து, முகம் துடைக்க நீட்டினார். எனக்கு வெட்கத்தில் மேசைக்கடியில் புகலாம்போல இருந்தது.

புது மதர்போட் ஒன்று கடையில் இருந்தது. நானாவின் சொந்தப் பெட்டிக்குள். பின்னேரமானால் அவர் அதில் கார் ரேஸ் கேம் ஓடுவார். தெருவே கூடும். அவரை வென்றவர் இல்லை.

"கழட்டுங்க பிள்ள."

"நானா, உங்கட ரேஸ்?"

"என்ட கார் நாளைக்கும் ஓடும். மாப்பிள்ளை நிக்கமாட்டார்."

வியாழன் இரவுக்குள் வீடியோ போய்ச் சேர்ந்தது. அக்காவின் பழைய போட்டும் புரொசசரும் நானாவின் பெட்டிக்குள் குடியேறின. அன்றிலிருந்து அவருடைய கார் விக்கி விக்கி நகர்ந்தது. தெரு விழுந்து விழுந்து சிரித்தது. நானா அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். "அடுத்த மாசம் மாத்துவம்" என்பார். மாற்றவேயில்லை.

இப்போது அந்தக் கடையில் போன் உறை விற்கிறார்கள். முந்தநாள் என் கூடப்பிறந்த அக்காவின் மகள் லெப்டொப்பைக் கொண்டுவந்து, "சித்தி, வேகமான புரொசசர் போடேலுமோ?" என்றாள். திறந்து பார்த்தேன். எல்லாம் மதர்போட்டோடு சேர்த்து ஈயத்தால் ஒட்டியிருக்கிறது. எண்ணுவதற்கு ஒரு புள்ளிகூட வெளியில் இல்லை. எது எதற்குப் பொருந்தும் என்று போன் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. யாரோ ஒருத்தி பிழையாகச் சொன்ன வாக்குக்காகத் தன் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தெரு சிரிக்கச் சிரிக்க ரேஸில் கடைசியாக வருகிற இன்னொரு மனிதரைத்தான் பிறகு நான் காணவில்லை.