பாலித்தீன் பிரிக்காத பேட்டரி

போன சனிக்கிழமை நாகப்பட்டினம் போயிருந்தேன். வேறெதற்கு? மீன் குழம்புக்குத்தான். காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட்டாக இருந்த செல்வியின் வீடு அங்கேதான். அவள் வீட்டுக்காரர் குமார் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு. தஞ்சாவூருக்கு ஐஸ் பெட்டியில் வரும் மீனைத் தின்று அலுத்துப்போய், இன்றைக்கு ஒரு பிடி பிடித்துவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன்.

போய் இறங்கியபோது மணி பத்து. அடுப்பில் சட்டியே இல்லை. செல்வி போனும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவாருடி. கூடப் போன படகெல்லாம் வந்தாச்சு. வயர்லெஸ்ல கூப்பிட்டுப் பார்த்துட்டாங்க, பதிலே இல்ல."

வானம் மூட்டமாக இருந்தது. தூறல் வேறு. கொஞ்சம் லேட்டாகும், அதற்கு ஏன் இப்படி முகம் வெளுத்துப்போய் நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"லேட்டானா பரவால்லடி... எல்லை தாண்டிட்டாருன்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயலுக்காவது வரப்பு இருக்கிறது. கடலில் எது நம் பக்கம், எது இலங்கைப் பக்கம் என்று யார் சொல்வது? ஜி.பி.எஸ். சொன்னால் உண்டு. தெரியாமல் தாண்டினாலும் தாண்டியதுதான். இலங்கை நேவி பிடித்தால் படகு போய்விடும். ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஜி.பி.எஸ்., வயர்லெஸ், லைட், போன் சார்ஜர் எல்லாமே தொங்குவது ஒரே ஒரு பேட்டரியில்.

"பேட்டரி போயிருக்குமோ?" என்றேன்.

"போனா என்ன? பழசு மக்கர் பண்ணுதுன்னு நேத்துதான் புதுசையும் ஏத்தி விட்டேன். போன வருஷம் தீபாவளிக்கு நானே வாங்கிக் கொடுத்தது."

போன வருஷம் வாங்கியது நேற்றுதான் படகு ஏறியதா? கேட்டேன். அந்தப் பதற்றத்திலும் அவள் குரலில் ஒரு பெருமை. பழசு ஓடுகிறவரை ஓடட்டும், புதுசை எதற்கு உப்புக்காற்றில் காட்டணும் என்று சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தாளாம். பாலித்தீன்கூடப் பிரிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு அதன்மேலேயே சந்தனம், குங்குமம்.

குடவாசலில் எங்கள் மாமனார் வீட்டு டிராக்டரும் அறுவடை முடிந்தால் ஷெட்டுக்குப் போய்விடும். அடுத்த உழவுக்குச் சாவி போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீடே கூடித் தள்ளணும். சும்மா கிடந்தால் பேட்டரி செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவளிடம் எப்படிச் சொல்வது?

மத்தியானம் இரண்டு மணிவாக்கில் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. ஓடினோம்.

குமார் அண்ணன் நனைந்த சட்டையோடு கயிறு கட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னாலேயே பழைய பேட்டரி போய்விட்டதாம். புதுசை மாட்டினார்களாம். ஜி.பி.எஸ். ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்துவிட்டதாம்.

"மூட்டத்துல மேற்கு எதுன்னே தெரியல. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, ஆனா எந்தப் பக்கம் ஓட்டுறது? நங்கூரத்தைப் போட்டு நின்னுட்டோம். அப்புறம் நம்மூர்ப் படகு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அது பின்னாடியே வந்துட்டோம்."

செல்வி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தாங்க அதை யாரையும் தொடவே விடல. பத்திரமா வச்சுருக்கேன்னு நெனச்சேன்..."

அவர் அவளைத் திட்டவில்லை. "சரி விடு. கல்யாண நாளுக்கு எடுத்துத் தந்தேனே ஒரு பச்சைப் பட்டு, அது எங்க?"

"பீரோவுலதான் இருக்கு."

"நீ அதை எடுத்துக் கட்டு. நான் இனிமே புது பேட்டரியைப் புதுசாவே மாட்டுறேன்."

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். டி.வி. ரிமோட் கவரைப் பிரிப்பதில்லை. நல்ல தட்டு விருந்தாளிக்கு. நமக்கு விளிம்பு நசுங்கிய தட்டு. கேட்டால் ஒரே பதில்தான் — 'நல்லது கெட்டதுக்கு வேணும்ல?' அந்த நல்லது கெட்டது வரும்போது, எடுத்து வைத்த பொருள் எந்த நிலைமையில் இருக்கும் என்று யோசிக்கிறோமா? எனக்கும் அன்றைக்குத்தான் தோன்றியது.

மறுநாள் பேட்டரி கடைக்குப் போனோம். கதையைக் கேட்ட கடைக்காரத் தம்பி சிரித்துவிட்டார். "அக்கா, பேட்டரி என்ன ஊறுகாயா, போட்டு வச்சு எடுக்க?" கார் பேட்டரி ஸ்டார்ட் பண்ண ஒரே மூச்சில் தள்ளும், படகுக்கு மணிக்கணக்காக நிதானமாகக் கொடுக்கிறதுதான் வேண்டும் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றணும், குழாய்த் தண்ணீர் கூடாது. உப்புக்காற்றுக்கு டெர்மினலில் கிரீஸ் தடவணும். படகு போகாத நாளிலும் மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றணும். செல்வி தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

அவள் பச்சைப் பட்டில் வந்திருந்தாள். காலையில் பிரித்தபோது மடிப்பில் ஒரு இடத்தில் இற்றுப்போயிருந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அதைக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டாள்.

பேட்டரியைத் தூக்க அவள் குனிந்தபோது கடைக்காரத் தம்பி பதறிவிட்டார். "தள்ளி நில்லுங்கக்கா, பட்டு வீணாயிடும். ஏதாவது கல்யாணத்துக்குப் போறீங்களா?"

"இல்லப்பா. இதுக்குத்தான் கட்டிட்டு வந்தேன்."