அந்தக் கழுதைச் சத்தம்

சிடி ரைட்டர்ல இருந்து வெளிய வர்ற சிடி கைல லேசா சுடும். அது மேல மார்க்கர் பேனாவால பேரு எழுதினா ஒரு வாசனை வரும் பாருங்க... என் முதல் வேலைன்னாலே எனக்கு அந்த வாசனைதான்.

ஸ்ரீரங்கத்துல ஒரு மருந்துக்கடை மாடி. நாலு பேரு, மூணு கம்ப்யூட்டர். ஸ்கூல் பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்ற கேம் பண்ணிட்டிருந்தோம்.

அதுல தப்பா விடை போட்டா ஒரு கழுதை வந்து கத்தும். அந்தக் கத்தல் என்னோடது. மைக்கை வாய்கிட்ட வெச்சு நானே கத்தி ரெக்கார்ட் பண்ணேன். ஆபீஸே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சது. எனக்குத் தலைகால் புரியல.

பாலக்கரைல ஒரு ஸ்கூல்தான் முதல்ல வாங்கினாங்க. ரெண்டு வாரம் கழிச்சு, அங்க நாலாங்கிளாஸ் எடுக்கற ஸ்டெல்லா டீச்சர் டவுன் பஸ் பிடிச்சு எங்க மாடிக்கே வந்துட்டாங்க.

"தம்பி, கேம் நல்லாருக்குங்க. அந்தக் கழுதைச் சத்தத்தை மட்டும் எடுத்துட முடியுமா? கிளாஸ்ல ஒரு பொண்ணுக்குக் கணக்கு கொஞ்சம் மெதுவாத்தான் வரும். அது போர்டுகிட்ட போனாலே மத்த பசங்க கழுதை மாதிரி கத்துதுங்க. ரெண்டு நாளா ஸ்கூலுக்கே வரமாட்டேங்குது."

ஒரே ஒரு சவுண்ட் ஃபைல். அதை எடுத்துட்டு, அவங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேற சிடி போட்டுக் கைல கொடுத்திருக்கலாம். ஆனா என் கழுதையாச்சே... அதைப் போய் வேணாங்கறாங்களேன்னு எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு.

"சிடில ஏத்திட்டா அப்புறம் மாத்த முடியாது டீச்சர்"னேன்.

"அப்படிங்களா... எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க தம்பி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். போயிட்டு வரேன்."

கொஞ்ச நாள் கழிச்சு, அடுத்த கேமைப் போட்டுக் கொடுக்க அந்த ஸ்கூலுக்குப் போனேன். லேப்ல ஒரு மெஷின்லயும் ஸ்பீக்கர் இல்ல. டீச்சர் எல்லாத்தையும் கழட்டி பீரோல வெச்சுப் பூட்டியிருந்தாங்க. சரியான விடைக்கு வர்ற கைதட்டல், பாட்டு எதுவும் கேக்காம பசங்க ஸ்கிரீனைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க.

அந்தப் பொண்ணு எப்படி இருக்குன்னு மெதுவா கேட்டேன்.

"டிசி வாங்கிட்டுப் போயிட்டாங்க தம்பி. லால்குடில அத்தை வீட்ல விட்டு அங்கயே ஸ்கூல்ல சேத்திருக்காங்களாம். ஸ்பீக்கரைக் கழட்டிட்டேன், பசங்க வாயை அடைக்க முடியலைங்க."

அப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லல. புது சிடியைப் போட்டுக் கொடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்.

இப்ப சிடியே கிடையாது, எல்லாம் நெட்லயே ஓடற கிளவுட் வேலை... போன வாரம் ஒரு கஸ்டமர், பட்டன் கலர் கண்ணை உறுத்துதுன்னு மெசேஜ் போட்டாரு. பத்தே நிமிஷம். மாத்தி, டெப்ளாய் பண்ணி, அத்தனை பேர் ஸ்கிரீன்லயும் புது கலர் வந்தாச்சு. அவரு தேங்க்ஸ் சொன்னாரு. எனக்கு அன்னிக்கு முழுக்க மனசே சரியில்ல.

பாலக்கரைப் பக்கம் யாருக்காவது ஸ்டெல்லா டீச்சரைத் தெரிஞ்சா சொல்லுங்க, நேர்ல போய்ப் பாக்கணும். சிடில ஏத்திட்டா மாத்த முடியாதுன்னு அவங்க இன்னமும் நம்பிட்டிருப்பாங்க.