டப்பா மூடியும் ஒயர் கூடையும்

காய்கறி வாங்க நான் இன்றும் எடுத்துப் போகும் ஒயர் கூடைக்கு ஒரு பக்கம் இரண்டு வரிசை குறைவு. பச்சையும் மஞ்சளுமாக, ஒரு கைப்பிடி உயர்ந்து, மற்றது தாழ்ந்து தொங்கும். கேட்பவர்களிடம் அலுவலக நேரத்தில் பின்னியது என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்றாயிற்று, இனி யார் மெமோ கொடுக்கப் போகிறார்கள்?

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். அப்போது தற்காலிக வேலைதான். ஒரு மெமோ வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இவ்வளவு தெரிந்தும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்புகள் வராத அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் மூன்று தட்டச்சர்களும் கூடை பின்னினோம். அந்தக் காலத்தில் கூடை பின்னாத பெண்ணை ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது சூப்பிரண்டின் மூக்குப்பொடி டப்பா. பக்கத்து அறையில் தகர மூடி ‘டப்’பென்று சாத்தும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு தும்மல், மூக்கைத் துடைப்பது, காலால் செருப்பைத் தேடுவது. பத்து எண்ணினால் மனிதர் எங்கள் வாசலில் நிற்பார். ஒன்பதுக்குள் கூடைகள் மேசைக்கடியில் போயிருக்கும். முதலில் எண்ணித்தான் ஒளித்தோம். போகப்போக எண்ணவே வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போனது. முதலில் ஒன்று, நடுவில் கொஞ்சம் இடைவெளி, பிறகு இன்னொன்று என்று நடந்தால், அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டையும் முடிச்சுப் போட மூளைக்குள் ஓர் ஏற்பாடு இருப்பதாக, மூளையைப் பற்றிப் படித்த என் மகள் சொல்கிறாள். மூளையும் கூடைதான் பின்னுகிறது போலிருக்கிறது.

அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார், ஒரு சிட்டிகை இழுத்தார், ‘டப்’பென்று மூடினார். சற்று நேரத்தில் நான் குனிந்து, தட்டைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். “ஏத்தா, பஜ்ஜிய எதுக்கு ஒளிக்கிற? அம்புட்டையுமா தின்னுருவோம்?”

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தவர் பஸ் ஏறும் வரை நிறுத்தவில்லையாம். மறுவாரம் சம்மதம் வந்தது.

கல்யாணத்துக்கு சூப்பிரண்டு வந்தார். வாழ்த்திவிட்டு டப்பாவைக் கையில் எடுத்தார். என் கை பரபரத்தது. அதைப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை, தகரம் பளபளத்தது.

“டாக்டர் பொடிய விடச் சொல்லி ஒரு வருசம் ஆச்சும்மா.”

“அப்ப சத்தம் கேக்குமே, சார்?”

“கண்ணால பாத்துட்டா மெமோ குடுக்கணும்ல. அதான் மூடிட்டு வருவேன்.”

ஒரு வருடமாகத் தும்மலே கேட்கவில்லை என்பது மணமேடையில்தான் எனக்கு உறைத்தது. டப்பாவையும் செருப்பையும் முடிச்சுப் போட்ட மூளை, நடுவிலிருந்த தும்மல் எங்கே போனது என்று ஒருநாளும் கேட்கவில்லை. நாங்கள் அவரை ஏமாற்றுவதாக நினைத்துச் சிரித்த நாட்களை எண்ணி வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன். பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று கூட்டத்தில் எல்லோரும் தேற்றினார்கள்.

சூப்பிரண்டு காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. நேற்றுக் காலை கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பர் படித்து முடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை ‘டப்’பென்று மூடினார். சற்று நேரத்தில் காயோடு கூடை நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. அவர் தன் அப்பாவைப் போலவே குனிந்து எட்டிப் பார்த்தார்.

“பஜ்ஜியா?” என்றார்.

“சூப்பிரண்டு வாராரு,” என்றேன்.