கேக் பெட்டியை வீடு தேடிப் போய்க் கொடுத்தவளின் கதை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் போய் ஒரு கேக் பெட்டி கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை!

(கேக்கில் ஒன்றுமில்லை. பெட்டியே காலி!)

முதலில் என்னைப் பற்றி. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சர். எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே சின்னதாக ஒரு காடு இருக்கிறது. அங்கிருக்கும் ஊற்றிலிருந்துதான் எங்கள் எல்லா வீட்டுக்கும் குடிதண்ணீர் வருகிறது.

அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் ஏழெட்டுப் பேர் மேலே போவோம். களை பிடுங்குவோம், ஊற்றைச் சுற்றிச் சுத்தம் செய்வோம், அட்டைக்கு இரத்த தானம் கொடுப்போம்.

தலைவி செல்வி அக்கா. ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு ஏழாம் நாளும் எங்களுக்கு முன்னால் மலை ஏறுகிறவர்.

போன வாரம் ஏறிப் போனால், ஊற்றுக்குப் பக்கத்திலேயே திருவிழா நடந்த மாதிரி கிடக்கிறது!

போத்தல், கோழி எலும்பு, மினுமினுப்புத் தாள். நடுவே ஒரு கேக் பெட்டி.

பெட்டியில் பேக்கரிக்காரர்கள் ஒட்டிய துண்டு இன்னும் இருந்தது. கேக்கில் என்ன எழுத வேண்டும் என்று அதில் குறித்திருந்தார்கள்: ‘ஹேப்பி பர்த்டே டார்லிங் சசி’.

எங்கள் லயத்தில் ஒரே ஒரு சசிதான். ஆட்டோ ஓட்டுகிறவர்.

“சாக்குல போடுங்க டீச்சர், போவோம்” என்றார் செல்வி அக்கா.

“இல்லக்கா. அவங்க சாமான் அவங்களுக்கே போய்ச் சேரணும்ல?”

அங்கே கிடந்த ரிப்பனாலேயே பெட்டியை அழகாகக் கட்டினேன். (அந்த நேரத்தில் எனக்கு என் மேலேயே அவ்வளவு மதிப்பு!)

கதவைத் திறந்தது சசியின் மனைவி வசந்தா.

“ஒங்க வீட்டுக்காரரு காட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டாருங்க.”

வசந்தா சிரித்துக்கொண்டே வாங்கினாள். துண்டைப் படித்தாள். சிரிப்பு நின்றது.

“நேத்து ஹட்டனுக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஹயர் போறேன்னுதானே சொன்னாரு!”

பெட்டியை என் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

“யாரு டீச்சர் இந்த டார்லிங்னு எழுதுனவ?”

நான் அதை யோசிக்கவே இல்லை! ஆர்டர் கொடுத்தவர் பெயர் இருந்த இடம் மழையில் கரைந்து போயிருந்தது. “பிள்ளைங்களுக்குப் பாடம் எழுதணும்” என்று எதையோ உளறிவிட்டு ஓடி வந்தேன்.

திங்கட்கிழமை அவர்களுடைய மகள் பாடசாலையில் சொன்னாள்: “டீச்சர், எங்க வீட்டுல சமைக்கல. கடைப் பாண்தான்.”

செவ்வாய்: “இன்னைக்கும் பாண், டீச்சர்.”

புதன்கிழமை அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினாள். பாண்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குப்பை போட்டவருக்கு ஒரு குட்டு வைக்கத்தான் போனேன். ஒரு குடும்பத்தைக் கெடுக்கவா போனேன்?

சாயந்தரமே வசந்தாவிடம் போனேன். “கூட்டாளிங்க யாராச்சும் வெளையாட்டுக்குச் செஞ்சிருப்பாங்கம்மா. நான் அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சிரு.”

“அவரும் அதையேதான் சொல்றாரு. நீங்க கொண்டாந்து குடுத்தது நல்லதுதான் டீச்சர். ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குக் காட்டுக்குப் போவீங்க?”

அவ்வளவுதான் கேட்டாள். மணியைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை வந்தாள். தனியாக இல்லை. முன்னால் சசி, பின்னால் அவருடைய கூட்டாளிகள் நான்கு பேர், கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு வசந்தா!

ஊற்றுக்குப் பக்கத்தில் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

“கேக்குல எழுதச் சொன்னது யாரு?”

அட்டை ஏறுவதைக்கூட யாரும் தட்டிவிடவில்லை.

கடைசியில் மீசை வைத்த குமார், ஆறடி ஆள், மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“நான்தாங்க... பேக்கரி பிள்ள என்னா எழுதணும்னு கேட்டுச்சு. சும்மா ஜாலிக்குச் சொன்னேன். எங்க எல்லாருக்குமே அவன் டார்லிங்தாங்க!”

வசந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், காடே அதிர்ந்தது! சசி அப்போதுதான் மூச்சே விட்டார்.

“சிரிச்சது போதும். நம்ம பிள்ளைங்க குடிக்கிற தண்ணி இது. ஆளுக்கொரு சாக்கு எடுங்க!” என்றாள் வசந்தா.

எடுத்தார்கள். எங்களுக்கு ஒரு மாத வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

நான் நிம்மதியாகப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது புதருக்குள்ளிருந்து சசி வந்தார். கையில் கசங்கிய லஞ்ச் ஷீட் ஒன்று, சோறு கட்டுகிற பிளாஸ்டிக் தாள்.

“டீச்சர், இது ஒங்க சாமானுங்களா?” என்று இரண்டு கையாலும் பவ்வியமாக நீட்டினார்.

மார்க்கரில் பெரிதாக எழுதியிருந்தது: ‘டீச்சர் – கருவாடு வேணாம்’.

போன மாதம் எல்லோரும் சேர்ந்து காட்டைச் சுத்தம் செய்த சிரமதானத்தன்று எனக்குக் கட்டிய சோற்றுப் பார்சல்! காற்று தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். (காற்றுதான். சத்தியமாகக் காற்றுதான்!)

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உதவிக்குச் செல்வி அக்காவைப் பார்த்தேன்.

“எழுத்து என்னோடதுதான்” என்றார் அக்கா. “தின்னது டீச்சர்தான்.”

நானும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு புதருக்குள் இறங்கினேன். வேறு வழி?

இறங்கி வரும்போதே வசந்தா எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த கையோடு ஒரு படம்: லஞ்ச் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நான் திருதிருவென்று விழிக்கிறேன். கீழே ‘ஆள் பிடிபட்டாச்சு’.

அதற்கு முதல் ஹார்ட் போட்டது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்! மூட்டுவலி என்று சொல்லி ஒருநாளும் காட்டுப் பக்கம் வராதவர், இதுவரை அந்தக் குரூப்பில் ஒரு ‘குட் மார்னிங்’கூடப் போடாதவர்!

கேட்டால், தெரியாமல் கை பட்டுவிட்டதாம்.

நீங்கள் நம்புகிறீர்களா?