கஞ்சி போட்ட தோல் பை

ஆரணியில் தோல் பை வைத்திருப்பவர்கள் ஏராளம். ஆனால் கேட்டுப் பார்த்தால் ஒருவரிடமும் இருக்காது. கண்ணகி அக்கா வீட்டுப் பின்கதவில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் உண்மை தெரிந்துவிடும். தலையணை உறைக்குள் ஆபீஸ் பை வரும். கீரைக்கட்டுக்கு அடியில் பெல்ட் வரும். ஒருமுறை ஒரு அம்மாள் புதுப் பொங்கல் பானைக்குள் கணவரின் ஷூவை வைத்து, மேலே வேப்பிலை செருகிக் கொண்டுவந்தார்.

உள்ளே வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"யாரும் பாக்கலையே?"

"நான் பாத்தேனே. உள்ள வாங்க," என்பார் அக்கா.

கண்ணகி அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. அவருக்கும் எனக்கும் ஒரே ஊர். பெரணமல்லூரில் இறங்கி உள்ளே போக வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் வேலை செய்தவர். விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி வேன் வரும். தைத்து முடிந்த ஷூ கடைசியாக வந்து நிற்பது அக்காவின் மேசையில்தான். பசை ஒழுகியிருந்தால் துடைப்பது, கீறல் இருந்தால் சரிசெய்வது, க்ரீம் தேய்த்துப் பளபளப்பாக்குவது எல்லாம் அவர் வேலை. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு துரை கால் நீட்டி உட்கார்ந்து தன் ஷூவின் பளபளப்பை மெச்சிக்கொண்டால், அது அக்கா மெச்சப்படுகிற மாதிரி. துரைக்குத்தான் தெரியாது.

பதினேழாவது வருடம் முட்டி பேஜார் பண்ணியது. வேலையை விட்டார். மகள் மதிவதனி ஆரணியில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள், கணவர் துரைக்கண்ணு ஷேர் ஆட்டோ ஓட்டினார். மூன்று பேருமாக ஆரணியில் வீடு தேடினார்கள்.

வீடு தேடுவது என்பது இங்கே ஒரு வாய்மொழித் தேர்வு. நானும் கூடப் போயிருந்தேன். வீட்டுக்காரர் பன்னீர்செல்வம், பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவர், அந்த வாடகை வீட்டுக்குப் பின்னாலேயே சாயப்பட்டறையும் வைத்திருக்கிறார்.

"கறி மீன் ஆக்குவீங்களா?" என்றார்.

"ஆக்குனா குடுத்து வுடறேங்க," என்றார் அக்கா.

அடுத்த கேள்வியை அவர் கொஞ்சம் இழுத்துக் கேட்டார். "ஊர்ல நீங்க… எந்தப் பக்கத்துத் தெரு?"

"பஸ்சு நிக்கிற தெருங்க."

எங்கள் ஊரில் பஸ் எந்தத் தெருவில் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் நிற்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்தார். பட்டறை ஆவியால் பதினொரு மாதம் ஆளில்லாமல் கிடந்த வீடு அது. கொள்கை என்னதான் உறுதியானது என்றாலும் பதினொரு மாதம் ஆவியில் வெந்தால் கொஞ்சம் இளகத்தான் செய்யும். வீடு கிடைத்தது.

பழைய தையல் மெஷின் ஒன்று, குத்தூசி, மெழுகுநூல், க்ரீம் டப்பாக்கள், நாலைந்து பிரஷ். இவ்வளவுதான் அக்காவின் கம்பெனி. ஆறே மாதத்தில் பின்கதவு ஓயாமல் தட்டப்பட்டது. கண்ணமங்கலத்திலிருந்துகூட ஆள் வந்தார்கள், இருட்டின சந்து வழியாகத் திருடனைப் போல.

ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. நானே சொல்லிக்கொள்வதில்லை, தாசில்தார் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழே கொடுத்திருக்கிறார். அதனால் மனு, கல்யாணப் பத்திரிகை, தெருவிளக்கு எரியாத புகார் எல்லாம் என்னிடம்தான் வரும்.

"தம்பி, வாசல்ல மாட்டுறதுக்கு ஒரு போர்டு எழுதிக் குடு."

"எதுக்குக்கா? போர்டு இல்லாமலே வந்துகினுதானே இருக்காங்க?"

"வராங்க. வேல முடிஞ்சா போறாங்க. வெளிய போய் ஒருத்தராண்டயும் சொல்ல மாட்டேன்றாங்க. 'ஷூ நல்லாருக்குதே, யாரு பண்ணது'ன்னு கேட்டா, பெங்களூருன்றாங்களாம்." கையில் இருந்த பிரஷைத் தட்டினார். "பதினாறு வருசம் நான் தொடச்ச ஷூவுல எவனோ ஒருத்தன் பேர அச்சடிச்சி அனுப்புனான். அது கம்பெனி, போவுது. இது என் வூட்ல நான் செய்யிற வேல. இதுலயாச்சும் என் பேரு இருக்கட்டும்."

எழுதினேன். 'தோல் பை, ஷூ, பெல்ட் சுத்தம் செய்து, பதப்படுத்தி, பழுது பார்த்துத் தரப்படும். – கண்ணகி.' பெயர் மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்றார். இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு போர்டு ஏறியது. ஒன்பதரைக்கு இறங்கியது. பன்னீர்செல்வம் வந்து நின்ற வேகத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது.

"ஏம்மா, மொகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவங்க இந்தத் தெரு வழியாத்தான் கடைக்கு வர்றாங்க. நல்ல காரியத்துக்கு வர்றப்ப எதிர்ல தோலுன்னு எழுதி வெச்சா நல்லாவா இருக்குது?"

"அவங்க கால்ல இன்னா மாட்டிகினு வர்றாங்க மொதலாளி? வாழ மட்டையா?"

"அத வாசல்ல கழட்டிப்புட்டுத்தானே உள்ள வர்றாங்க! இத பாரு, பின்னால நீ இன்னா வேணா பண்ணிக்க. நான் பாக்கல. முன்னால போர்டு மறுபடி ஏறுச்சின்னா, அந்த மாசமே வூட்ட காலி பண்ணிடணும்."

பட்டு சுத்தமானது, தோல் அசுத்தமானது என்பது இந்த ஊர்ச் சாஸ்திரம். புழுவை உயிரோடு வெந்நீரில் போட்டு எடுத்த நூல் சுத்தம். தானாகச் செத்த மாட்டின் தோல் என்றாலும் அசுத்தம். டிகிரி வாங்கியும் இந்தப் பாடம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போர்டு பீரோவுக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

ஆவணி பிறந்தது. பன்னீர்செல்வத்தின் மகன் இளஞ்செழியனுக்குக் கல்யாணம். இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது, ஊரே உண்டு படுத்திருக்கும் மதியம் இரண்டு மணிக்கு, அவர் மனைவி புஷ்பலதா பின்கதவுக்கு வந்தார். கையில் புடவைப் பெட்டி. பெட்டிக்குள் தலையணை உறை. உறைக்குள் ஒரு பழைய தோல் பை.

"என் தங்கச்சி வூட்டுது கண்ணகி. ஜல்தியா பண்ணிக் குடேன்."

அக்கா பையைத் திருப்பினார். பித்தளைப் பூட்டுக்கு மேல் தகட்டில் 'பன்னீர்செல்வம்' என்று பொறித்திருந்தது.

"தங்கச்சி வூட்டுக்காரர் பேரும் பன்னீர்செல்வந்தானாக்கா?"

புஷ்பலதா ஜன்னல் வழியாக எதையோ பார்த்தார். பிறகு உண்மையைச் சொன்னார். அது ராசியான பை. கடைக்கு முதல் சரக்கு அதில்தான் வந்தது. அந்தக் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முகூர்த்தப் பட்டு அதில் வைத்துத்தான் மண்டபத்துக்குப் போகும். தோலுக்குள் பட்டு போகலாம். தோலுக்கு எதிரில்தான் பட்டு வரக் கூடாது. பை இந்த நிலையில் இருப்பது முந்தாநாள் பரணிலிருந்து இறக்கியபோதுதான் தெரிந்ததாம். அதிலிருந்து வீட்டுக்காரர் சாப்பாட்டில் கை வைக்கவில்லையாம்.

நிலை உண்மையிலேயே மோசம். மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. மடிப்புகளில் வெடிப்பு. கைப்பிடி நாலு நூலில் தொங்கியது. பூட்டின் ஓரமாக எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அக்கா மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இன்னாக்கா இது, சோத்து வாசன வருது?"

"எனக்குத் தெரியாதும்மா. எல்லாம் அவரு பண்ணது."

"அப்ப அவரே வந்து சொல்லணும். எதெதப் போட்டாங்கன்னு தெரியாம நான் கை வெக்க மாட்டேன். கம்பெனியிலயே சீட்டுல எழுதாம அடுத்த டேபிளுக்குப் போவாது."

பன்னீர்செல்வம் வந்தார், சந்து வழியாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை. சொந்த வீட்டுப் பின்கதவில் குனிந்து நுழைந்தவர், வாக்குமூலம் கொடுக்க ஆரம்பித்தார்.

"போன வருசம் மொதல்ல பூந்திக்கொட்டையில ஊற வெச்சேன்."

"ஊற வெச்சீங்களா?"

"பட்டுப்புடவைய அப்பிடித்தாம்மா அலசுவோம். ஒண்ணும் ஆவாது. ஆனா இது காஞ்சதும் தொவண்டு போச்சி. தறியில பாவு நூலு தொவண்டா நாங்க இன்னா பண்ணுவோம்? கஞ்சி போட்டு நிமுத்துவோம். அதான்…"

"கஞ்சி போட்டீங்க."

"அரிசிக் கஞ்சி. பழைய அரிசி. தறிக்குப் போடறதவிட ரெண்டு கை கூடவே போட்டேன். ஜம்முனு நின்னுச்சி, அப்பளம் மாதிரி. அப்பால வெடிப்பு வுட்டுச்சின்னு இவதான் தேங்கா எண்ண தடவுனா. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெச்சோம்."

"சாம்பாரு ஊத்தலையே?"

துரைக்கண்ணு அண்ணன் ஆட்டோ துடைப்பதற்கென்று எழுந்து வெளியே போய்விட்டார். அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மூன்று தலைமுறையாகப் பட்டுப் பாவுக்குக் கஞ்சி பதம் பார்த்த குடும்பம். எந்த நூலுக்கு எத்தனை கஞ்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அந்த நிபுணத்துவம் முழுவதையும் ஒரு மாட்டுத் தோலின் மேல் கொட்டியிருந்தார்கள்.

"பண்ணித் தரேன்," என்றார் அக்கா. "கஞ்சிய எடுக்கவே ரெண்டு நாளு ஆவும். நனைக்கக் கூடாது. துணியப் புழிஞ்சி, ஈரம் இருக்குதா இல்லியான்ற பதத்துல ஒத்தி ஒத்தித்தான் எடுக்கணும். பூஞ்சைக்கு ஸ்பிரிட்டு. அப்பால மூணு தபா க்ரீமு, ஒவ்வொரு தபாவும் ஒரு நாளு நெழல்ல காத்தாடத் தொங்கணும். ஆனா பின்பக்கம் தொங்க வுட முடியாது."

"ஏன்?"

"உங்க பட்டற ஆவி. நாள் பூரா ஈரம். காலைல தொடச்சா சாயங்காலம் பூஞ்ச திரும்ப வந்துடும். இந்த வூட்ல நெழலும் காத்தும் ஒண்ணா வர்றது முன்வாசல் கிரில்லு ஒண்ணுலதான்."

பன்னீர்செல்வம் நிமிர்ந்தார். "முன்வாசல்லயா? என் பையா?"

"வேணாம்னா உங்க வூட்லயே மாட்டிக்கோங்க. நான் வந்து க்ரீம் தடவிட்டுப் போறேன்."

"வூட்ல கல்யாணப் பட்டு இருக்குதும்மா!"

"கடையில?"

"கடையில வியாபாரம் நடக்குது!"

"அப்ப கிரில்லுதான்."

"மேல ஒரு வேட்டியப் போட்டு மூடிக்கலாமா?"

"மூடுனா புழுங்கும். புழுங்குனா கல்யாணத்தன்னிக்கு பட்டுக்குள்ள எறும்பு இருக்கும். உங்க இஷ்டம்."

பன்னீர்செல்வம் பையை அக்கா பக்கம் தள்ளினார். "சரி," என்று தரையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அக்கா அந்தப் பையோடு மல்லுக்கட்டினார். காய்ந்த பிரஷால் பூஞ்சையைத் தட்டினார். ஒத்தி எடுத்த துணிகள் வெள்ளை வெள்ளையாய்க் கஞ்சி கக்கின. கைப்பிடிக்குப் பழைய துளைகளிலேயே இரண்டு ஊசி போட்டு, இரண்டு பக்கமிருந்தும் மெழுகுநூலை இழுத்துத் தைத்தார். மூன்றாம் நாள் காலை பை கிரில்லில் ஏறியது, பித்தளைத் தகடு தெருவைப் பார்த்தபடி.

முதலில் நின்றது எதிர்வீட்டு அம்மணி. தெருவில் யார் வீட்டில் எது மாறினாலும் முதலில் தெரிந்துகொள்பவர்.

"இது பன்னீரு பை ஆச்சே! இங்க இன்னா பண்ணுது?"

"காத்து வாங்குதுக்கா," என்றார் அக்கா.

மறுநாள் அம்மணி மகனின் ஷூவோடு வந்தார். கீரையும் இல்லை, பானையும் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு, முன்வாசல் வழியாக. முதலாளியே தொங்கவிட்ட பிறகு நமக்கென்ன என்று கேட்டாராம். அடுத்த நாள் நாலு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் தன் பெல்ட்டையும் தகட்டுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லிக் கெஞ்சினார்.

ஆறாம் நாள் சாயங்காலம் பன்னீர்செல்வம் பையை வாங்க வந்தார். பின்பக்கம் போய்ப் பிரயோஜனமில்லை என்பது தெரிந்திருந்ததால் நேராகவே வந்தார். பை கருஞ்சிவப்பில் மின்னியது. வெடிப்புகள் முழுக்கப் போகவில்லை. ஆனால் வயதான முகத்துச் சுருக்கம் போல அடங்கியிருந்தன. அக்கா உள்ளே இரண்டு செங்கல்லை வைத்தார்.

"தூக்கிகினு பத்தடி நடங்க. தையலு தாங்குதான்னு பாக்கணும்."

நடந்தார். அம்மணி வாசலிலிருந்து கேட்டார், "இன்னா மொதலாளி, ஊருக்கா?"

"செக்கிங்," என்றார் பன்னீர்செல்வம்.

திரும்பி வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. செங்கல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் என்று நினைத்துக்கொண்டு பையை ஒரு தடவை முகர்ந்தார். கண் கலங்கிய மாதிரி இருந்தது, ஸ்பிரிட்டாகவும் இருக்கலாம்.

"பிரமாதம்மா. சம்பந்தி வூட்ல அசந்துடுவாங்க. யாரு பண்ணதுன்னு கேக்காம இருக்க மாட்டாங்க."

"இன்னா சொல்லுவீங்க?"

சிக்கல் என்னவென்றால் பன்னீர்செல்வம் அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தார். சந்தோஷத்தில் மனிதனுக்கு உண்மை வந்துவிடுகிறது.

"வேலூர்ல குடுத்தேன்னு சொல்லிக்கறேன்."

அக்கா அவர் கையிலிருந்து பையை வாங்கி, கொண்டுபோய் மறுபடியும் கிரில்லில் மாட்டினார்.

"அப்ப வேலூர்லயே போயி வாங்கிக்கோங்க."

"ஏம்மா, இன்னா வெளாட்டு இது? மூணு நாள்ல கல்யாணம்!"

"வெளாட்டு இல்லிங்க. வேலூர்க்காரன் பண்ண பை எங்கிட்ட எப்பிடி வரும்? என்னாண்ட இருக்கறது நான் பண்ணது."

பன்னீர்செல்வம் தரையில் கிடந்த செங்கற்களைப் பார்த்தார், கிரில்லைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். நான் தாசில்தார் ஆபீசில் வரிசையில் நிற்கிற முகத்தை வைத்துக்கொண்டேன். வீட்டைக் காலி செய் என்று சொல்லலாம். அக்கா காலி செய்யும்போது பையையும் சாமானோடு ஏற்றிவிடுவாரோ என்று பயந்திருக்க வேண்டும்.

அம்மணி இறங்கி நடுத்தெருவுக்கு வந்தார். "மொதலாளி, பை நல்லாருக்குதே. யாரு பண்ணாங்க?"

பன்னீர்செல்வம் தொண்டையைச் செருமினார். "கண்ணகிதான்."

"எந்தக் கண்ணகி?"

"இந்த வூட்டுக் கண்ணகி! தோல் வேல பண்ணுதில்ல, அந்தக் கண்ணகி! போதுமா?"

"போதும்," என்றார் அக்கா. பையை இறக்கி, தகட்டை முந்தானையால் ஒருமுறை துடைத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு உள்ளே போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து போர்டை எடுத்துவந்து அவர் கண்ணெதிரிலேயே ஆணியில் மாட்டினார். அவர் போர்டைப் பார்த்துவிட்டுப் போனார். பையைத் துண்டால் மூடிக்கொள்ளவில்லை.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் காலை, கடைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி போர்டை மேலும் கீழும் பார்த்தார். ஏதாவது ஒரு குறை சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் என்பதற்கு அர்த்தமில்லையே.

"போர்டு கதவு நம்பர மறைக்குது பாரு," என்றார்.

"ஆமாங்க, நானும் பாத்தேன்," என்ற அக்கா நாற்காலியைப் போட்டு ஏறி, கதவு நம்பரைக் கழற்றி ஓரமாக மாட்டினார்.