தெற்கே அண்ணன் நிலம்

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எடுக்கிறார். மர அடிக்கோலைக் கடைசி வரிக்குக் கீழே ஒட்டி வைத்து, அந்த வரியை வாசித்து முடித்தபின் ஒரு வரி மேலே நகர்த்துகிறார். இப்படியே ஏறி ஏறி, பத்திரத்தின் தலைப்புக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு காபி ஆறிப்போயிருக்கும். "முன்னாலேருந்து படிச்சா கதை மாதிரி ஓடிடும். கதை கேக்கறவன் எல்லாத்துக்கும் தலையாட்டுவான்" என்பார், யாரும் கேட்காமலே.

வக்கீல் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில் முப்பத்தோரு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. வீடு வாங்குகிறவர்கள் கொண்டுவரும் பத்திரங்களில் குறை பார்ப்பது. குறை இருந்தால் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. அடிக்கோடு போடுவதில்லை, எழுதுவதில்லை, புள்ளி மட்டும். அந்தப் புள்ளியைப் பார்த்து வேர்த்துப்போன மாப்பிள்ளைகளும் மயங்கி உட்கார்ந்த மாமியார்களும் உண்டு. குறை இல்லையென்றால் கோப்பை மூடி, "குடியேறலாம்" என்று ஒரே ஒரு வார்த்தை. அலுவலகத்து இளவட்டங்கள் அவருக்குச் சிவப்புப் பென்சில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார்.

ஊருக்கெல்லாம் குடியேறலாம் என்று சொன்ன மனிதர் இன்றுவரை வாடகை வீட்டில்தான் இருக்கிறார். மூன்றாவது மாடி, இரண்டு அறை, தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் இருமும், அப்புறம்தான் தண்ணீர். வாங்குவதற்காகப் பதினோரு வீடு பார்த்தார். பதினொன்றிலும் புள்ளி வைத்தார். ஒன்றில் மூத்த தாரத்துப் பிள்ளை ஒருவன் எங்கோ இருந்தான், ஒன்றில் சுவர் அரை அடி தள்ளியிருந்தது. "குறையில்லாத வீடு வேணும்னா நீங்க பத்திரத்துக்குள்ளயேதான் குடியிருக்கணும்" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வீடு பற்றிய பேச்சே எழவில்லை.

பேச்சை மறுபடி கொண்டுவந்தவர் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணுக்கெல்லாம் பொடி எழுத்தைத் தெளிவாக்கிக் கொடுக்கிற அவர், தன் வாழ்நாளில் ஒரு பொடி எழுத்தையும் படித்ததில்லை. எங்கே பெருக்கல் குறி போட்டு நீட்டுகிறார்களோ அங்கே கையெழுத்து. அப்படிப்பட்டவர் போன வருடம் விடுமுறைக்கு வெளிநாடு போனார். அங்கே ஒரு கிராமத்தில் கார் டயர் வெடித்தது. டயர் மாற்றி முடிப்பதற்குள் ஒரு வீட்டை விலை பேசிவிட்டார். கல் வீடு, இரண்டு அடுக்கு, பின்னால் ஓடை, முற்றத்தில் கிணறு.

கேட்ட அன்றிலிருந்து சிவப்புப் பென்சிலுக்கு வயிறு எரிகிறது. இதை நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. வெறும் எரிச்சல், அப்பட்டமான பொறாமை. உள்ளூரில் ஒரு புறாக்கூண்டுகூடத் தனக்கு அமையாதபோது, டயர் வெடித்தவனுக்குக் கிணற்றோடு வீடா?

சகலை வீட்டுக்குப் போன கையோடு மச்சினி போட்டோவை நீட்டுவாள். "அத்தான், வீட்டுக்குப் போற பாதையைப் பாருங்களேன், ரெண்டு பக்கமும் மரம்!" அவர் பார்க்க மாட்டார். "கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா, அப்புறம் பாக்கறேன்." கண்ணாடி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதுவும் சகலை கடையில் பாதி விலைக்குப் போட்டது. எட்டு மாதத்தில் அந்த வீட்டின் ஒரு போட்டோவைக்கூட அவர் பார்க்கவில்லை.

பார்க்காவிட்டாலும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சட்டச் சிக்கலைக் கையில் பிடித்துக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார்.

முதல் வாரம்: "வெளிநாட்டுக்காரன் பேர்ல விவசாய நிலம் எழுத முடியாது, தெரியுமில்ல?"

"வீட்டு மனையைத் தனியாப் பிரிச்சுட்டாங்கண்ணே."

இரண்டாம் வாரம்: "பக்கத்து நிலத்துக்காரனுக்குத்தான் முதல்ல வாங்கற உரிமை. நாளைக்கு வந்து நிப்பான்."

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாருண்ணே, அவரு விக்கறவரோட சொந்த அண்ணன்."

மூன்றாம் வாரம்: "மாடி அனுமதி வாங்கிக் கட்டினதா? இடிக்கச் சொல்லுவாங்க."

"அனுமதி இருக்குண்ணே. காபி சாப்பிடுங்க."

மூன்று காபி குடித்தும் நெஞ்சு ஆறவில்லை. அவர் வருவதைப் பார்த்தாலே மச்சினியின் பிள்ளைகள், "பெரியப்பா இன்னிக்கு என்ன கொண்டாந்திருக்காரு?" என்று தங்களுக்குள் கிசுகிசுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம் பத்திர வரைவே வந்தது. தமிழில் மொழிபெயர்த்த பதினெட்டுப் பக்கம். சகலை அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அலுவலகத்துக்கே வந்து கொடுத்தார். "வெள்ளிக்கிழமை கையெழுத்துண்ணே. இங்கேருந்தே போட்டு அனுப்பிடலாமாம். நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. நமக்கு இதெல்லாம் எங்க புரியுது?" நாற்பது வருட உழைப்பில் சேர்த்ததெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் பையில்தான் இருந்தது. ஆனால் பையைக் கொடுத்த முகத்தில் கவலையின் ரேகை ஒன்றுகூட இல்லை. அந்த நிம்மதிதான் இவரை இன்னும் குமைய வைத்தது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். பதினெட்டிலிருந்து ஒன்றுவரை ஏறினார். குறை இல்லை. மறுபடி ஏறினார். இல்லை. பெரிய பத்திரமென்றால் நான்கெல்லையை மேசையில் சாமான்களால் அடுக்கிப் பார்ப்பது அவருடைய வழக்கம். அதையும் செய்தார். நடுவில் தீப்பெட்டி, அது வீடு. வடக்கே ஓடை: கரண்டி. மேற்கே வனத்துறை நிலம்: மடித்த செய்தித்தாள். கிழக்கே தேவாலயத் தோட்டம்: தண்ணீர் ஜாடி. தெற்கே விற்பவரின் அண்ணன் நிலம்: சர்க்கரை டப்பா.

வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். நான்கு பக்கமும் நான்கு பேர். சாலை எங்கே?

பதினெட்டுப் பக்கத்திலும் பாதை என்ற சொல்லே இல்லை. வீட்டுக்குப் போவதென்றால் அண்ணன் நிலத்தின் வழியாகத்தான் போகவேண்டும். தம்பி வீட்டுக்குத் தம்பி போக அண்ணன் எதற்கு எழுதிக் கொடுக்கவேண்டும்? அப்பா பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து யாரும் எழுதவில்லை. தம்பி விற்றுவிட்டுப் போனபின், முன்பின் தெரியாத ஒருவருக்காக அண்ணன் கதவைத் திறந்து வைப்பாரா? அவர் வைத்தாலும் அவர் பிள்ளைகள்? சகலைக்கு வீடு இருக்கும், கிணறு இருக்கும், போய்ச் சேர வழி இருக்காது.

சிவப்புப் பென்சிலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

இரண்டு நாள் மனிதர் பூரித்துக் கிடந்தார். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழாய் இருமியபோது, "பாவம், அதுக்கும் வயசாகுதில்ல" என்றார். மனைவி சந்தேகமாகப் பார்த்தாள். "பத்திரத்தப் பாத்தீங்களா?" "பாத்துக்கிட்டே இருக்கேன்." பொய்யில்லை. புள்ளியை மட்டும் வைக்கவில்லை. சொல்லவேண்டும், சொல்லத்தான் போகிறோம், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொன்னால் என்ன என்று மனத்துக்குள் ஒரு குரல் நைச்சியமாகப் பேசிக்கொண்டே இருந்தது. அதை அவர் அதட்டவும் இல்லை.

வியாழக்கிழமை மாலை பையைத் திருப்பிக் கொடுக்க அவரும் மனைவியும் சகலை வீட்டுக்குப் போனார்கள். மச்சினி மலர்ந்துபோய் ஓடி வந்தாள். "அத்தான், மாடி ரூம் உங்களுக்கும் அக்காவுக்கும்தான். ஓடையப் பாத்த ஜன்னல். திரைச்சீலை கூட எடுத்துட்டேன்."

வேறு யாராவது என்றால் உருகியிருப்பார்கள். இவருக்குச் சுருக்கென்றது. அவன் வீட்டில், அவன் திரைச்சீலைக்குப் பின்னால், விருந்தாளியாகப் போய்ப் படுப்பதா? வாயைத் திறப்பதில்லை என்று அந்த நிமிடமே முடிவு கட்டினார். பையை மேசைமேல் வைத்தார்.

சகலை பேனாவோடு வந்து உட்கார்ந்தார். "என்னண்ணே, போட்டுடலாமா? அந்த ஊர் வக்கீல் நேத்து போன் பண்ணினாரு. பத்திரம் கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு குறை கிடையாதுன்னுட்டாரு. ரொம்பக் கெட்டிக்காரருண்ணே! வரி வரியாப் பாப்பாராம். உங்கள மாதிரியே."

உங்கள மாதிரியே!

சகலைக்கு வீடு கிடைப்பதைக்கூட இன்னும் கொஞ்சநாள் பொறுத்திருப்பார். தன் மேசையில் இன்னொருவனை உட்கார வைத்ததைப் பொறுக்க முடியவில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

"அவன் வரி வரியாப் பாத்தான்? அந்தக் கண்ணாடிக் கூட்ட எடுங்க இங்க."

சகலையின் கண்ணாடிக்கூட்டை மேசை நடுவில் தட்டி வைத்தார். கரண்டி, செய்தித்தாள், ஜாடி, பிஸ்கட் டப்பா. சகலையின் கார் சாவியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"இது நீங்க. இப்ப வீட்டுக்குள்ள போங்க."

சகலை சிரித்துக்கொண்டே சாவியை நகர்த்தினார். ஜாடியில் முட்டியது. சுற்றிக்கொண்டு வந்தார், டப்பாவில் முட்டியது.

"பாதை இருக்கேண்ணே! போட்டோல பாத்தோமே, ரெண்டு பக்கமும் மரம்..."

"போட்டோவ யாரு பதிவு பண்ணா? அது அண்ணன் நிலம். நாளைக்கு அவரு ஒரு கேட்டப் போட்டுப் பூட்டினா, நீங்க வெளிய நின்னு உங்க வீட்ட போட்டோ எடுத்துக்கலாம். அந்த வக்கீல் சின்ன வயசுலேருந்து அந்தப் பாதையில நடந்தவனா இருப்பான். கண்ணால பாத்ததத் தாள்ல தேடணும்னு அவனுக்குத் தோணல. நான் பாக்கல. எனக்கு இந்தப் பதினெட்டுப் பக்கம்தான் தெரியும்."

மச்சினி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சகலையின் முகம் முதல்முறையாகச் சுண்டியது. அதைப் பார்க்கத்தான் எட்டு மாதம் காத்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

கையெழுத்து நின்றது. விற்பவரின் அண்ணனிடம் ஆள் போனது. அண்ணன் முரண்டு பிடித்து இரண்டு வருடம் இழுப்பார் என்று சிவப்புப் பென்சில் கணித்தார். அதிர்ஷ்டக்காரனுக்கு வாய்த்த பக்கத்து நிலத்துக்காரர் அப்படியெல்லாம் இருப்பாரா? அவருக்குக் கிட்டத்து எழுத்து சரியாகத் தெரியவில்லையாம். நல்லதாக ஒரு கண்ணாடி அனுப்பினால் போதும் என்று மூன்றே வாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். நான்கு மீட்டர் அகலப் பாதை, வீட்டை யார் வாங்கினாலும் கூடவே போகும் உரிமை, பதிவும் ஆகிவிட்டது. இரண்டு குடும்பத்திலும் இப்போது அவர் பேச்சுதான். "அத்தான் மட்டும் இல்லேன்னா?" என்று மச்சினி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்கிறாள். பதினோரு வீட்டில் கிடைக்காத குறையில்லாத வீடு கடைசியில் ஒன்று அமைந்தது. அதைத் தன் கையாலேயே துடைத்துப் பளிச்சென்று சகலைக்குக் கொடுத்திருக்கிறார். நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை.

இன்று பதிவான பத்திரத்தின் நகல் வந்திருக்கிறது. காலையிலிருந்து மூன்று முறை ஏறி இறங்கிவிட்டார். சீவி வைத்த பென்சிலின் முனை அப்படியே இருக்கிறது.

மனைவி கைபேசியோடு வந்து நிற்கிறாள். "அங்கேருந்து கூப்பிடறாங்க. நீங்க 'குடியேறலாம்'னு சொன்னாத்தான் கதவத் திறப்பாங்களாம். போட்டோ வேற அனுப்பியிருக்காங்க. சொல்லிடுங்களேன்."

"குடு இப்படி."

முதல்முறையாக அந்தப் பாதையைப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் மரம், மேலே கிளைகள் கூடி நிழல். பாதையின் நடுவே சகலை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். "கேக்குதாண்ணே?" என்று கைபேசிக்குள்ளிருந்து அதே குரல் கூப்பிடுகிறது.

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, மர அடிக்கோலை எடுத்துத் திரையின்மேல் குறுக்காக வைத்து, ஒரு மரத்தின் அடியிலிருந்து மறு மரத்தின் அடிவரை பாதையை அளக்கிறார்.